அரிசி ஆலைக் கணினிக்கு 384 கிலோபைட்

புதுவயலில் எங்கள் அரிசி ஆலை ஓடிக்கொண்டிருந்த நாளில், அலுவலக அறையின் மூலையில், தவிட்டுத் தூசி படாமலிருக்கப் பழைய எட்டுமுழ வேட்டியால் மூடிவைக்கப்பட்ட கணினி ஒன்று இருந்தது. 1988இல் வாங்கியது. ஐபிஎம் நிறுவனத்தின் எக்ஸ்டி என்னும் கணினியை அடியொற்றித் தைவானில் செய்த மதர்போர்டு, 8088 செயலி, 360 கிலோபைட் கொள்ளும் இரண்டு பிளாப்பி டிரைவுகள், பச்சை எழுத்துத் திரை, 256 கிலோபைட் நினைவகம். ஆலையைக் கைமாற்றிய பிறகு அது காரைக்குடி வீட்டின் இரண்டாங்கட்டுச் சாமான் அறைக்கு வந்து, பித்தளை அண்டாக்களுக்கும் கல்யாணச் சமுக்காளங்களுக்கும் நடுவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. சென்ற தை மாதத்தில் அதை வெளியே எடுத்து, பங்குனி முடிவதற்குள் அதன் நினைவகத்தை 640 கிலோபைட்டாக உயர்த்தி முடித்தேன். கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தைக்கூட அந்த இடத்துக்குள் அடைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் பழைய 256 போதாத காரணத்தால் முடியாமல் போன ஒரு வேலை எங்கள் வீட்டில் பாக்கி இருந்தது.

அப்பச்சி (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்பச்சி என்றும் அம்மாவை ஆத்தா என்றும் சொல்வோம்) கணக்கில் கெட்டிக்காரர். நாள்வழி, பேரேடு, ஐந்தொகை என்று கையால் எழுதிப் பழகியவர், ஐம்பதை நெருங்கும் வயதில் லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் மென்பொருளைக் கற்றுக்கொண்டு, அன்றாடம் ஆலைக்கு வந்திறங்கும் நெல்லை அதில் ஏற்றத் தொடங்கினார்: தேதி, வண்டி, மூட்டை, எடை, விலை, தரகு. அந்தத் தாளில் 8,192 வரிகளும் 256 பத்திகளும் உண்டு என்றாலும், அவ்வளவையும் பயன்படுத்த இடம் வேண்டுமே. லோட்டஸ் தாள் முழுவதையும் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு வேலை செய்யும். கொஞ்சத்தை வட்டில் ஒதுக்கி வைத்து வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் வழக்கம் அதற்குக் கிடையாது. இயங்குதளமான டாஸும் லோட்டஸும் தத்தம் இடத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு 256 கிலோபைட்டில் மிஞ்சுவது சொற்பம். ஒரு மாதக் கணக்கை ஏற்றி அடுத்த மாதத்தில் கால் வைத்தவுடனேயே திரையின் கீழ் மூலையில் 'மெமரி ஃபுல்' என்று வந்து நிற்கும். ஆகவே ஏப்ரலுக்கு ஒரு கோப்பு, மே மாதத்துக்கு ஒரு கோப்பு என்று ஆண்டுக்குப் பன்னிரண்டு கோப்புகளாகப் பிரித்து வைத்து, ஆண்டுக் கூட்டலை மட்டும் பழையபடி பேரேட்டில் கையால் போட்டார். இயந்திரத்துக்கு அவ்வளவு பணம் கொடுத்துவிட்டு முழுக்கூட்டலைக் கையால் போடுவதா என்ற அங்கலாய்ப்பு அவருக்கு ஆலை இருந்த வரைக்கும் இருந்தது.

அப்போதே கூடுதல் நினைவகம் வாங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். விற்றவர் சொன்ன விலையைக் கேட்டு அப்பச்சி எழுந்து வந்துவிட்டாராம். அந்த விலை விற்றவர் பேராசையால் சொன்னதன்று என்று இப்போது எனக்குப் புரிகிறது. ஜப்பானிய நிறுவனங்கள் அடக்க விலைக்கும் கீழே சில்லுகளை விற்கின்றன என்ற புகாரின் பேரில் 1986இல் அமெரிக்காவும் ஜப்பானும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் பின்விளைவாகவும் தேவை கூடியதாலும் 1988இல் நினைவகச் சில்லுகளுக்கு உலகெங்கும் தட்டுப்பாடு வந்து விலை ஏறிக் கிடந்தது. அதற்கு மேல் இங்கே இறக்குமதித் தீர்வை வேறு. நாங்கள் இயந்திரம் வாங்கிய ஆண்டு அப்படி அமைந்துவிட்டது.

மூடியைக் கழற்றி, தூரிகையால் தவிட்டைத் தட்டியபோது, பலகையின் ஒரு மூலையில் நான்கு வரிசைகளாக முப்பத்தாறு சிறிய கறுப்புச் சில்லுகள் தெரிந்தன. வரிசைக்கு ஒன்பது. ஒவ்வொரு வரிசையும் ஒரு பேங்க். "நாலு பேங்க் இருக்குதா? நாம ஒரு பேங்கிலதான் கணக்கு வச்சிருந்தோம்" என்றார் அப்பச்சி. ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்றால் எட்டுச் சில்லுகள்தானே வேண்டும், ஒன்பதாவது எதற்கு என்று முதன்முதலில் பார்க்கிறவருக்குத் தோன்றும். ஒன்பதாவது, பேரிட்டி. எழுதும்போது எட்டு பிட்டுகளில் எத்தனை ஒன்றுகள் என்று எண்ணி, மொத்தம் ஒற்றைப்படையாக வரும்படி ஒன்பதாவதில் ஒரு பிட் போட்டு வைப்பார்கள். படிக்கும்போது அந்தக் கணக்கு உதைத்தால் எங்கோ ஒரு பிட் கெட்டுவிட்டது என்று பொருள். இயந்திரம் 'பேரிட்டி செக்' என்று எழுதிவிட்டு அந்த இடத்திலேயே நின்றுவிடும். எந்தப் பிட் கெட்டது என்று அதற்குத் தெரியாது. கூட்டல் ஒத்துப்போகவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேனாவைக் கீழே வைக்கும் கணக்குப்பிள்ளை மாதிரி.

எங்கள் பலகையில் இருந்த முப்பத்தாறும் 4164 என்னும் வகை. ஒன்று 65,536 பிட் கொள்ளும். எட்டு சேர்ந்தால் 64 கிலோபைட். நான்கு வரிசைக்கு 256. இதற்கு அடுத்த வகை 41256. அதே பதினாறு கால், அதே உருவம், ஆனால் கொள்ளளவு நான்கு மடங்கு. இரண்டின் கால்களையும் ஒப்பிட்டால் ஒரே ஒரு வேறுபாடுதான்: 4164இல் முதலாம் கால் எதனோடும் இணைக்கப்படாமல் சும்மா நிற்கும், 41256இல் அதே கால், எந்த இடத்துப் பிட் வேண்டும் என்று சொல்லும் முகவரிக் கம்பிகளில் ஒன்பதாவதாகிவிடும். ஒரு கால் கூடியதற்கு இரண்டு மடங்குதானே ஆக வேண்டும், நான்கு மடங்கு எப்படி என்ற கேள்வியில்தான் இந்தச் சில்லுகளின் சூட்சுமம் இருக்கிறது. உள்ளே பிட்டுகள் கட்டம் போட்ட தாளைப் போல நிரையும் நிரலுமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. முகவரியை ஒரே மூச்சில் சொல்லாமல், முதலில் நிரை எண்ணையும், அடுத்து அதே கால்களின் வழியாக நிரல் எண்ணையும் அனுப்புகிறார்கள். ஆகவே ஒவ்வொரு காலும் இரண்டு முறை வேலை செய்கிறது. எட்டுக் கால் என்றால் பதினாறு பிட் முகவரி, 65,536 இடங்கள். ஒன்பது கால் என்றால் பதினெட்டு பிட், 2,62,144 இடங்கள். 1973இல் மாஸ்டெக் நிறுவனம் தன் 4 கிலோபிட் சில்லைப் பதினாறு காலுக்குள் அடக்குவதற்காகக் கையாண்ட முறை இது. பிறகு எல்லோரும் அதையே பின்பற்றினார்கள்.

முகவரியை இப்படி இரண்டாகப் பிரித்து அனுப்புவதற்குப் பலகையில் வேறு சில்லுகள் உண்டு. 74எல்எஸ்158 என்பது அவற்றின் பெயர். ஒரு சில்லால் நான்கு கம்பிகளுக்கு நிரையையும் நிரலையும் மாற்றி மாற்றிக் கொடுக்க முடியும். எட்டுக் கம்பிக்கு இரண்டு போதும். ஒன்பதாவது கம்பிக்கு மூன்றாவது ஒன்று வேண்டும். எங்கள் பலகையில் அந்த இரண்டுக்கும் சற்றுத் தள்ளி, பதினாறு துளைகளோடு ஒரு சாக்கெட் காலியாக இருந்தது. அதன் அருகே, சிறு மூடி ஒன்றைச் செருகினால் ஒன்றோடொன்று இணையும் இரண்டு ஜம்பர் ஊசிகள், இணைக்கப்படாமல். ஐபிஎம் எக்ஸ்டியின் 256 கிலோபைட் பலகையிலேயே இந்த இடம் இப்படி விடப்பட்டிருந்தது. நகலெடுத்தவர்கள் அதையும் சேர்த்து நகலெடுத்திருக்கிறார்கள். அந்தக் காலி சாக்கெட்டில் ஒரு 74எல்எஸ்158 செருகி, ஜம்பரை இணைத்து, முதல் இரண்டு பேங்குகளிலுள்ள பதினெட்டு 4164களை எடுத்துவிட்டு 41256களை வைத்தால் 256, 256, 64, 64 என்று கூட்டி 640 வந்துவிடும். விரிவாக்க அட்டை எதுவும் தேவையில்லை. சிறு சிறு சில்லுகள் பத்தொன்பது போதும். அப்பச்சி 'மெமரி ஃபுல்'லோடு மல்லாடிக்கொண்டிருந்த ஆண்டுகள் முழுவதும் அந்தச் சாக்கெட் அவருடைய முழங்கைக்கு ஒரு சாண் தொலைவில், வாய் திறந்தபடி இருந்திருக்கிறது.

இன்னொரு பொருத்தத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. இவ்வகைச் சில்லில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் உள்ள மின்னூட்டம். ஓட்டைப் பானைத் தண்ணீர் போல அது கசிந்துகொண்டே இருக்கும். கசிந்து தீர்வதற்குள் ஒவ்வொரு நிரையாகப் படித்து மறுபடி நிரப்ப வேண்டும். 4164க்கு 2 மில்லி நொடிக்குள் 128 நிரைகள். 41256க்கு 4 மில்லி நொடிக்குள் 256 நிரைகள். வகுத்துப் பார்த்தால் இரண்டுக்குமே நிரைக்கு 15.6 மைக்ரோ நொடிதான். எக்ஸ்டியில் ஒரு கடிகாரச் சில்லு ஏறத்தாழ 15 மைக்ரோ நொடிக்கு ஒரு முறை தட்டிவிட, செயலியின் துணையில்லாமல் நினைவகத்தைத் தொடும் டிஎம்ஏ சில்லு ஒரு நிரையைப் புதுப்பிக்கிறது. ஆகவே பெரிய சில்லை வைத்தாலும் அந்தத் தட்டை மாற்ற வேண்டியதில்லை. பழைய சில்லுக்குப் போட்ட தாளமே புதியதற்கும் சரியாக விழுகிறது. இதை யோசித்து அமைத்தவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

640க்கு மேலே ஏன் போகவில்லை என்றால், 8088க்கு முகவரிக் கம்பிகள் இருபது. அதற்கு எட்டுவது ஒரு மெகாபைட். முகவரியைப் பதினாறின் அடுக்கில் (9க்குப் பிறகு ஏ முதல் எஃப் வரை எண்ணும் முறை) எழுதி, முதல் இலக்கத்தைப் பார்த்தால், இலக்கத்துக்கு 64 கிலோபைட்டாக 0 முதல் 9 வரை நினைவகம். 'ஏ'யில் தொடங்கித் திரை அட்டைகளுக்கும் மற்ற அட்டைகளுக்கும், இயந்திரத்தைத் தொடக்கி வைக்கும் மென்பொருளான பயாஸுக்கும் ஒதுக்கிவிட்டார்கள். அந்த வேலியைத் தாண்டுவதற்காக லோட்டஸ், இன்டெல், மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்றும் சேர்ந்து 1985இல் இஎம்எஸ் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. விரிதாள் நிறைந்துபோகிறது என்று அங்கேயும் ஆட்கள் முறையிட்டிருக்கிறார்கள். அந்த ஏற்பாட்டுக்கான நினைவக அட்டை இன்றும் தேடினால் கிடைக்கும். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. அந்தக் காலி சாக்கெட்டை நிரப்புவதே என் நோக்கம்.

மின்சாரம் கொடுப்பதற்கு முன் மல்டிமீட்டரால் ஒவ்வொரு கம்பிக்கும் தரைக்கும் இடையிலான தடையைப் பார்த்தேன். இந்தக் காலத்துப் பலகைகளில், 12 வோல்ட் வழியில் நிற்கும் மஞ்சள் நிற டேன்டலம் மின்தேக்கிகள், நெடுநாள் சும்மா கிடந்தால் உள்ளுக்குள் ஒட்டிப்போய், மின்சாரம் பட்டதும் ஓலைவெடி போல வெடிக்கும். மீட்டர் ஒன்றும் தவறாகக் காட்டவில்லை. ஆகவே தைரியமாகச் சுவிட்சைப் போட்டேன். இரண்டாம் நிமிடத்தில் 'டப்' என்று ஒன்று வெடித்து, முகப்பு முழுவதும் கருகிய வாடை. ஆத்தா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "அந்தச் சனியனை வெளியில கொண்டுபோய் வையப்பா" என்றார். கருகியதை வெட்டி எடுத்துவிட்டு, அதே அளவில், வோல்ட் மட்டும் கூடுதலாகத் தாங்கும் ஒன்றைப் பற்றவைத்தேன். அடுத்த முறை திரையில் 256 வரை எண்ணி முடித்தது. மேம்படுத்துவதற்கு முன் உள்ளது உள்ளபடி ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். இல்லாவிட்டால் பிறகு வரும் கோளாறு பழையதா, நாம் கொண்டுவந்ததா என்று தெரியாமல் திண்டாட நேரும்.

சில்லுகளுக்குச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். ஒரு கடையின் பரணிலிருந்து பிளாஸ்டிக் குழலில் அடைத்த பழைய சரக்கை எடுத்துத் தட்டி உதறினார்கள். பதினெட்டு தேவை, கைவசம் இருக்கட்டும் என்று இருபத்துநான்கு வாங்கினேன். பெயருக்குப் பின்னால் 12, 15 என்று இருக்கும் எண் வேகத்தைக் குறிக்கும். 120, 150 நானோ நொடி. எக்ஸ்டி தன் 4.77 மெகாஹெர்ட்ஸில் ஒருமுறை நினைவகத்தைத் தொட்டு மீள நான்கு துடிப்பு, ஏறத்தாழ 840 நானோ நொடி எடுத்துக்கொள்ளும் என்பதால் இரண்டும் கலந்திருந்தால் குற்றமில்லை. கவனிக்க வேண்டியது வேறு. பழைய சில்லின் முகத்தைச் சுரண்டி, வேறு பெயர் அச்சடித்து விற்கும் பழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்து, நகப்பூச்சை அழிக்கும் அசிட்டோனைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்ததில், இரண்டின் எழுத்து மை மாதிரி கரைந்து வந்து, அடியில் வேறொரு எண் மங்கலாகத் தெரிந்தது. அந்த இரண்டையும் தனியே வைத்தேன். பதினெட்டுக் கால் கொண்ட 4464ஐயும் சிலர் இதற்கென்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். அது ஒரே சில்லில் நான்கு நான்கு பிட்டாகத் தரும் வேறு சாதி, இந்தச் சாக்கெட்டில் உட்காராது.

நல்ல சில்லுகளின் கால்களும் கறுத்திருந்தன. வெள்ளி முலாம் பூசிய கால்கள். காற்றிலுள்ள கந்தகம் பட்டுக் கறுத்துவிடும். பூசையறை வெள்ளிக் குத்துவிளக்கு கறுப்பதற்கும் காரணம் இதுதான் என்பதால், ஆத்தா கொஞ்சமும் தயங்காமல், "விபூதியைப் போட்டுத் தேயி, பளிச்சுனு வந்துரும்" என்றார். எனக்கும் சரியென்றே பட்டது. நல்லவேளையாக, சிக்ரியில் பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பரிடம் ஒரு வார்த்தை கேட்டேன். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட அந்த மின்வேதியியல் ஆய்வு நிலையத்தில் உலோக அரிப்பு முக்கியமான ஆய்வுத் துறை. ஊரில் துருவைப் பற்றிச் சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஆளுக்குப் பஞ்சமில்லை. "குத்துவிளக்கு முழுக்க வெள்ளி, தேய்த்தால் இன்னும் வெள்ளி இருக்கும். இந்தக் காலில் வெள்ளி தோல் கனம்கூட இல்லை. அடியில் இரும்பும் நிக்கலும் கலந்த உலோகம். தேய்த்துவிட்டீர்கள் என்றால் அடுத்த மழைக்காலத்தில் துருப்பிடித்து ஒடியும்" என்றார் அவர். ஆகவே சில்லை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் ஒவ்வொரு காலையும் மேலிருந்து கீழாக இரண்டே இழுப்பு இழுத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தேன். சாக்கெட்டுகளுக்குள்ளும் அதையே விட்டு, ஒரு பழைய சில்லைப் பலமுறை செருகி எடுத்து உள்ளிருந்த தகடுகளைச் சுரண்டச் செய்தேன்.

பங்குனி வெயிலில் காற்று உலர்ந்திருக்கும் என்பதால் நிலைமின்சாரத்துக்குப் பயந்து, ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் வெறும் உடம்போடும் பருத்தி வேட்டியோடும் உட்கார்ந்துதான் சில்லுகளைத் தொட்டேன். தொடும் முன் ஒவ்வொரு முறையும் கணினியின் இரும்புக் கூட்டில் கையை வைத்து எடுத்தேன். புதிய சில்லின் கால்கள் சற்று அகன்று நிற்கும். அவற்றைத் தரையில் ஒரு பக்கமாக அழுத்தி, இரு வரிசையும் செங்குத்தாக வரும்படி நேர்ப்படுத்தாமல் செருகக் கூடாது. ஒரு முனையிலுள்ள பிறை வெட்டு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்வது அதைவிட முக்கியம். இந்தச் சில்லுகளில் 5 வோல்ட் எட்டாம் காலிலும் தரை பதினாறாம் காலிலும் வரும். தலைமாற்றி வைத்தால் இரண்டும் இடம் மாறி, சில்லு கை சுடும் அளவுக்குக் காய்ந்துவிடும். பதினெட்டையும், கூடவே மூன்றாவது 74எல்எஸ்158ஐயும் வைத்து, ஜம்பரைச் செருகினேன். பலகையின் அமைப்பை இயந்திரத்துக்குச் சொல்லும் டிப் சுவிட்சுகள் என்ற சிறு சுவிட்சுகளில் மூன்றும் நான்கும் எத்தனை பேங்க் நிறைந்திருக்கின்றன என்பதைச் சொல்லும். நான்குமே முன்பே நிறைந்திருந்ததால் இரண்டும் ஏற்கெனவே ஆஃபில் இருந்தன; அவற்றைத் தொடவில்லை.

சுவிட்சைப் போட்டால் விசிறி மட்டும் சுழன்றது. திரை கறுப்பாகவே இருந்தது. இது ஓர் அடையாளம்: பயாஸுக்கே தொடக்கத்தில் கொஞ்சம் நினைவகம் வேண்டும் என்பதால், முதல் பேங்கில் பழுதென்றால் அதனால் வாய் திறந்து ஒன்றும் சொல்ல முடியாது. கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்துக் குனிந்து பார்த்ததில், ஐந்தாவது சில்லில் ஒரு கால் துளைக்குள் போகாமல், சில்லின் வயிற்றுக்கடியில் சம்மணம் போட்டிருந்தது. மேலிருந்து பார்த்தால் பதினாறும் உள்ளே போனது போலவேதான் தெரியும். மூக்குக் குறடால் மெல்ல நிமிர்த்தி மறுபடி செருகினேன்.

இம்முறை எண்ணத் தொடங்கி 256ஐத் தொட்டு நின்றது. முகவரியின் முதல் இலக்கம் 4, அடுத்து 20, கடைசியில் 201. ஐபிஎம் வழக்கத்தில் 201 என்றால் நினைவகப் பிழை. 640 கிலோபைட் அமைப்பில் 0 முதல் 3 வரை முதல் பேங்க், 4 முதல் 7 வரை இரண்டாவது, 8 மூன்றாவது, 9 நான்காவது. ஆக, இரண்டாவது பேங்க். நடுவிலுள்ள 20 பதினாறின் அடுக்கில் எழுதிய எண். அதை ஒன்றும் சுழியுமாக விரித்தால் பிட் 5க்கான இடத்தில் மட்டும் ஒன்று. சில்லு கெட்டதா, சாக்கெட் கெட்டதா என்று அறிய, அந்தச் சில்லையும் அதே பேங்கின் பிட் 2 சில்லையும் இடம் மாற்றி வைத்தேன். இப்போது 20க்குப் பதில் 04 வந்தது. பழுது சில்லோடு நகர்ந்துவிட்டது, சாக்கெட் சுத்தம். அந்தச் சில்லை எடுத்துவிட்டுக் கைவசமிருந்த ஒன்றை வைத்ததும், ஒரு நிமிடத்துக்கு மேலாக நிதானமாக எண்ணி, 640 என்று நின்றது. அப்பச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சரி, கணக்கை ஏத்து" என்றார்.

1988ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கி, லோட்டஸின் 'ஃபைல் கம்பைன்' கட்டளையால் ஒவ்வொரு மாதமாக ஒன்றன் கீழ் ஒன்றாகச் சேர்த்தேன். நவம்பர் வரை தடையில்லை. டிசம்பரைச் சேர்க்கும்போது திரையில் 'பேரிட்டி செக் 1' என்று வந்து எல்லாம் உறைந்துபோனது. மறுபடி முதலிலிருந்து செய்தேன். மறுபடியும் டிசம்பரில் நின்றது. பூஞ்சணம் பிடித்த பிளாப்பிதான், டிசம்பர் கோப்பு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி அரை நாளைத் தொலைத்தேன். பிறகுதான் புத்தி வந்து, டிசம்பரை முதலில் ஏற்றி, ஏப்ரலைக் கடைசிக்குத் தள்ளினேன். டிசம்பர் ஒழுங்காக ஏறியது. ஒன்பதாவதாக வந்த மாதத்தில் இயந்திரம் நின்றது. குற்றம் கோப்பில் இல்லை, கோப்பு போய் உட்காரும் இடத்தில். ஒன்பது மாதம் சேரும்போது தாள் 512 கிலோபைட்டைத் தாண்டி மூன்றாவது பேங்குக்குள் நுழைகிறது. அந்தப் பேங்கில் இருந்தவை நான் தொடாமல் விட்ட பழைய 4164கள். ரிச்சி தெருச் சரக்கை அவ்வளவு சந்தேகப்பட்டேனே தவிர, எங்கள் வீட்டுச் சரக்கைச் சந்தேகப்படவே இல்லை.

சூடும் குளிர்ச்சியும் மாறி மாறிப் படும்போது சில்லுகள் சாக்கெட்டிலிருந்து மயிரிழை மயிரிழையாக மேலே ஏறிவிடும். ஆலையில் பகலெல்லாம் காய்ந்து இரவெல்லாம் ஆறிய இயந்திரத்தில் அது நடக்காமல் இருந்தால்தான் வியப்பு. கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்தினேன். நான்காவதும் ஏழாவதும் முறுக்கைக் கடித்தாற்போல 'நறுக்' என்று உள்ளே இறங்கின. அத்தோடு விடாமல் பதினெட்டையும் கழற்றி, கால்களைத் துடைத்து, மறுபடி செருகினேன். முப்பத்தாறு சில்லு, பதினாறு கால், மொத்தம் 576 தொடுப்புகள். அவற்றில் பாதியை மட்டும் பார்த்துவிட்டு வேலை முடிந்ததென்று நினைத்திருக்கிறேன்.

அன்று மாலை மார்ச் மாதமும் ஏறியது. மூட்டைப் பத்தியின் அடியில் கூட்டல் போட்டு எண்ணை வாசித்தேன். அப்பச்சி மடியில் பேரேட்டை விரித்து வைத்திருந்தார். இயந்திரத்தின் கூட்டல் பேரேட்டைவிடப் பன்னிரண்டு மூட்டை கூடுதல். இன்னொரு சில்லும் கெட்டிருக்கிறதோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"சில்லு சரியாத்தான் இருக்கு. அது மகமை மூட்டை. மாசம் ஒண்ணு கோயிலுக்கு. பேரேட்டில கழிச்சுத்தான் எழுதுவேன். மெசினுக்கு அந்தக் கணக்கெல்லாம் எதுக்கு?" என்றார் அப்பச்சி. அதற்கு ஒரு பத்தி சேர்க்கட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாமென்று கையசைத்துவிட்டார். மிச்சம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அவர் கேட்கவும், 'ஒர்க்ஷீட் ஸ்டேட்டஸ்' கட்டளையைப் போட்டுக் காட்டினேன்.

"இவ்வளவு இருக்கா? அப்ப அடுத்த வருசத்தையும் இதுலயே ஏத்து."

ஏற்றினேன். ஜூன் மாதத்தின் நடுவில், திரையின் கீழ் மூலையில் 'மெமரி ஃபுல்' என்று வந்தது.